கடலோரக் கிராமத்து வீட்டில் நான்கு நாள்: வேதாரண்யம் பக்கம் வந்தால் என்ன செய்யலாம்?

கேள்வி இது: "ஜனவரிக் கடைசியில் வேதாரண்யம் அருகே தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஓர் ஓட்டு வீட்டை நான்கு நாளுக்கு எடுத்திருக்கிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், எட்டு வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். கடலை ஒரு நாள் பார்த்துவிட்டால் மீதி மூன்று நாளை எப்படிக் கழிப்பது? வேளாங்கண்ணி, நாகூர், தஞ்சாவூர் என்று தினமும் காரில் போய் வரலாமா?"

போய் வர வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வரும்போதோ திரும்பும்போதோ வழியில் இறங்கிக்கொள்ளலாம். தஞ்சாவூர் இன்னொரு பயணத்துக்கு உரியது. தினமும் நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிவிட்டு இரவில் படுக்க மட்டும் வருவதென்றால் தோப்பு வீடு எதற்கு?

என் அம்மாவின் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, 'புலம்' என்று முடியும் ஊர்களில் ஒன்று. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தென்னம்புலம், கத்தரிப்புலம் என்று அங்கே வரிசையாக இருக்கும். பள்ளி விடுமுறைகளெல்லாம் அங்கேதான் கழிந்தன. இப்போதும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது போகிறேன். இத்தனை ஆண்டில் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துவிட்டேன். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லித் திரும்பியவர்கள் எல்லோரும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைக்கும், இரண்டு மணிக்குச் சரணாலயத்துக்கும், கோயில் நடை சாத்திய பிறகு கோயிலுக்கும் போனவர்கள். இந்தக் கரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது இருக்கிறது. மீனுக்கு விடியல், உப்பளத்துக்குக் காலை, மானுக்கு மாலை, விளக்குக்கு அந்தி, ஆமைக்கு இரவு. மத்தியானத்துக்குத் திண்ணை. அந்தப் பொழுதுகளுக்கு நீங்கள் இணங்கிப் போனால் நான்கு நாள் போதாது.

விடியலில் இருந்து தொடங்குகிறேன். ஐந்தரை மணிக்கு எழுந்து ஆறுகாட்டுத்துறைக்கோ புஷ்பவனத்துக்கோ, உங்கள் வீட்டுக்கு எந்த மீனவ ஊர் பக்கமோ அங்கே போங்கள். கோடியக்கரையானால் இன்னும் நல்லது. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடிக் காலம். பிற மாவட்டங்களிலிருந்து மீனவர்கள் படகும் வலையுமாக வந்து, கரையில் குடில் போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். நீங்கள் வரும் ஜனவரி அதன் நடுப்பகுதி. இரவில் போன ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறும். வலையிலிருந்து மீனைக் கழற்றுவார்கள், நண்டின் கால் வலையில் சிக்காமல் விரலால் நெம்பி எடுப்பார்கள், பக்கத்திலேயே ஏலம் நடக்கும். காலா, வாவல், திருக்கை, மடவை, கிழங்கான், நண்டு, இறால் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். தெரியாததைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வேலை நடக்கும் நேரத்தில் வலையை மிதிக்காமல், கயிறு இழுக்கும் வழியில் நிற்காமல் இருந்தால் போதும். படம் எடுப்பதற்கு முன்பு "எடுத்துக்கலாமா அண்ணே" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்களின் பட்டறை.

ஏலத்தில் போவது வியாபாரிகளின் மீன். வீட்டுக்கு வேண்டியதைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்கலாம். எடை போடாமல் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஆறு பேருக்கு இரண்டு கூறு போதும். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் வாங்குங்கள் என்று ஊரில் சொல்வார்கள். படகடியில் வாங்கும் மீனுக்கு அந்தச் சோதனையே தேவைப்படாது.

மீனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சமையலை முழுவதுமாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் விட்டுவிடாமல் அவருடன் சேர்ந்து செய்யுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அவர் கற்றுக்கொடுப்பது ஒரு பாடம். அம்மியில் அரைத்த மசாலா, மண்சட்டி, சற்றுக் கூடுதலாகப் புளி. இங்கே திருக்கைக் குழம்புக்குப் பூண்டும் மிளகும் தாராளமாகப் போவதைப் பார்ப்பீர்கள். இரவில் செய்த மீன்குழம்பில் பாதியை மறுநாள் காலைக்கு எடுத்து வையுங்கள். பழைய சோற்றுக்கும் பழைய குழம்புக்கும் ஈடான காலைச் சாப்பாடு எந்த விடுதியிலும் கிடையாது. ஜனவரியில் மாங்காய் இராது. ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்களுக்குத்தான் மாங்காய் போட்ட குழம்பு. உங்களுக்கு அதற்குப் பதிலாகப் பனங்கிழங்கு உண்டு. பொங்கல் முடிந்த அந்த வாரங்களில் கட்டுக் கட்டாக விற்பார்கள். வாங்கி வந்து தோப்பிலேயே மூன்று கல் வைத்து அவித்து, நாரை உரித்து, மிளகும் உப்பும் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் அதற்காகவே ஜனவரியில் வரச் சொல்கிறார்கள்.

இரண்டாவது நாள் காலையை அகஸ்தியம்பள்ளிக்குக் கொடுங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே வந்துவிடும். சாலையின் ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது இங்கேதான். ஜனவரியில் வெள்ளை மலைகளை எதிர்பார்த்து வராதீர்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, தேங்கிய நீரை வெளியேற்றி, கரைந்துபோன வரப்புகளைக் கட்டி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கும் காலம் அது. எனக்கு அறுவடையைவிட இந்த வேலையைப் பார்ப்பது பிடிக்கும். ஆட்கள் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில், குதிகாலால் சேற்றை அழுத்தி அழுத்தி நகர்வார்கள். தரை சிமென்ட் போல இறுகினால்தான் உப்பில் மண் கலக்காது.

பெரிய பிள்ளைக்கு இங்கே ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது. உப்புநீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் சுண்ட வைப்பார்கள். அடர்த்தியைப் பார்க்க ஒரு கண்ணாடி மானியை நீரில் மிதக்க விடுவார்கள். அது ஏறத்தாழ 25 டிகிரி காட்டும்போது சோற்றுப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பேறும். அதனால் அதற்கு முன்பே மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்த இடைவெளிக்குள் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பல நாள் உழைப்பு நீரோடு போய்விடும். வெயில் ஏறுவதற்கு முன் வேலை முடிந்துவிடும் என்பதால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்க வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதங்களைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

அங்கேயே உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் இருக்கிறது. இதைக் கடந்து போகும் கார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து கிளம்பினார். இந்த நடைக்கென்று நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே தொண்டர்கள் வந்தார்கள். இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுக்கிறவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். வழியோரத்து மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு விலகிப் போய்விட்டார்கள். கொடுத்தவர் யாரென்று எந்தப் போலீசாலும் சொல்ல முடியாது. ஏப்ரல் 30 அன்று காலை இந்த மண்ணில் உப்பை அள்ளி ராஜாஜி கைதானார். வேதாரண்யத்தில் அவர்களுக்குத் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவர் 1946இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இன்றும் ஊரில் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் தேதியைச் சொல்ல வேண்டாம். அந்தப் பொட்டலத்தைச் சொல்லுங்கள், மறக்காது.

இனி கோடியக்கரை. இதற்கு ஒரு மாலையும் ஒரு விடியலும் வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் அடைக்க வேண்டாம்.

சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து தெற்கே நேராக இறங்கி வந்து, இந்த முனையில் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, அதற்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. நிலத்தின் கடைக்கோடி என்பது பெயரிலேயே இருக்கிறது. கிழக்கே கடலில் உதிக்கும் சூரியன் மாலையில் மேற்கே சதுப்புநீரின் மேல் இறங்குவதை ஒரே ஊரில் பார்க்கலாம்.

1967இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது முக்கியமாக வெளிமானுக்காக. நம் பழைய நூல்களில் வரும் இரலை என்று இதைத்தான் சொல்வார்கள். ஆணின் முதுகு கறுத்து, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெளுத்து, முறுக்கிய கொம்பு நிமிர்ந்து நிற்கும். பெண்மான் மணல் நிறம், கொம்பு கிடையாது. மத்தியானத்தில் இவை நிழலுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். நான்கு மணிக்கு மேல் புல்வெளிக்கு வரும். திறந்த வெளியில் மேயும் விலங்கு இது. ஆபத்து என்றால் ஒளிந்துகொள்ளாது, ஓடும். முதலில் ஒன்று துள்ளும், பிறகு கூட்டம் முழுவதும் துள்ளித் துள்ளிப் போகும். அந்தத் துள்ளலைப் பார்க்க ஆசைப்பட்டு வண்டியிலிருந்து கைதட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்யவிடாதீர்கள். சினைமான் ஓடினால் அதற்குப் பெரிய இழப்பு. சீமைக் கருவேலம் புல்வெளியை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. மானுக்கு மிஞ்சியிருக்கும் இடம் குறைவு. குரங்குகளுக்கு பிஸ்கட் போடுவதும் வேண்டாம். சாலைக்கு வந்து கையேந்தப் பழகிய குரங்குகள் வண்டிச் சக்கரத்தில் சாகின்றன.

பறவைகளுக்கு விடியலில் போங்கள். ஜனவரி அதற்கு மிக நல்ல மாதம். இந்தச் சதுப்பும் கடற்கழியும் காடும் சேர்ந்த பரப்பு 2002இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்தது இதுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். எல்லோரும் தேடி வருவது பூநாரையை. தூரத்தில் நீருக்கு மேல் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரியும், தொலைநோக்கி இல்லாமல் வந்தால் அந்தக் கோட்டோடு சரி. ஒரு தொலைநோக்கியைக் கடன் வாங்கியாவது கொண்டுவாருங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து அது அரித்துத் தின்பதைப் பார்க்க வேண்டும். சேற்றிலிருக்கும் பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள்.

ஆனால் நான் உங்களை அழைத்துப் போனால் முதலில் காட்டுவது கொசு உள்ளானை. முப்பது கிராம்கூட இராத ஒரு பறவை. சேற்றின் விளிம்பில் தையல் இயந்திர ஊசி போலக் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருக்கும். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிலிருந்து வந்து, சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, இந்தச் சேற்றை நம்பி இங்கே வந்திருக்கிறது. பூநாரையை எதிர்பார்த்து ஏமாந்த ஒரு நாளில்தான் என் மகள் இதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, பலவகை உள்ளான்கள் எல்லாம் கூடவே கிடைக்கும். எங்கே நீர் நிற்கிறது என்பது காற்றின் திசையைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், பறவையும் அதோடு மாறும். ஆகவே முந்தைய நாள் மாலையே வனத்துறைச் சோதனைச்சாவடியில் "இன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது" என்று விசாரித்துவிடுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அதிகம் காட்டுவார்.

காட்டுக்குள் ராமர் பாதம் என்ற சிறு மேடு இருக்கிறது. கற்பாதங்களைக் கும்பிடுவது அவரவர் விருப்பம். சுற்றிலும் இருக்கும் காட்டைப் பார்க்க அந்த மேடு நல்ல இடம். உலர்ந்த பசுமைமாறாக் காடு, பாலை மரங்கள் நிறைந்தது. கோடையில் பாலைப்பழம் பழுக்கும்போது காடே இனிக்கும் என்று பாட்டி சொல்வார். கடற்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் சிதைந்த தூண் ஒன்று நின்றது. சிறுவனாக அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை அதைக் கொண்டுபோய்விட்டது.

கோடிக்காட்டில் இருக்கும் குழகர் கோயிலை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். சிறிய கோயில், கூட்டம் இராது. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் இங்கே வந்தபோது, கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடி கூட இல்லாமல் இப்படித் தனியாக இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று சிவனைக் கேட்டுப் பாடியிருக்கிறார். கடலோரத்தில் தனித்த வீட்டில் தங்கியிருக்கும் உங்களுக்கு, காற்று ஓட்டைத் தட்டும் இரவில், அந்தக் கேள்வி வேறு விதமாகக் கேட்கும்.

உங்கள் அப்பா அம்மாவுக்காக ஓர் அந்தியை வேதாரண்யம் கோயிலுக்கு ஒதுக்குங்கள். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று சொல்வது வழக்கம். அந்த விளக்கைப் பார்க்கப் பகலில் போவதில் பொருளில்லை. இருட்டத் தொடங்கும்போது உள்ளே இருங்கள். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் இந்தத் திருமறைக்காட்டில்தான். அம்மனின் பெயர் யாழைப்பழித்த மொழியாள். அவள் குரலுக்கு முன் வீணை எதற்கு என்று இங்கே சரஸ்வதி கையில் வீணை இல்லாமல், சுவடியோடு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகளை அந்தச் சிலையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அணையப் போன விளக்கின் திரியை நெய் குடிக்க வந்த எலி ஒன்று தெரியாமல் தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தால் அது மாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்ற கதையும் இந்தக் கோயிலுக்கு உரியது. என் தாத்தா அதை விளக்கடியில் நின்றுதான் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. தை அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று வேதாரண்யம் கடலிலும் கோடியக்கரை ஆதி சேதுவிலும் முன்னோருக்கு நீர் இறைத்து நீராட ஏராளமானவர்கள் வருவார்கள். அதில் கலந்துகொள்ளவே வருகிறீர்கள் என்றால் அதைவிடச் சிறந்த நாள் கிடையாது. அமைதியைத் தேடி வருகிறீர்கள் என்றால் அன்றைக்குத் தோப்பை விட்டு நகர வேண்டாம்.

கடலில் குளிப்பதைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். வேதாரண்யத்தை ஒட்டிய கரையில் பல இடங்களில் கால் புதையும் சேறு. கஜா புயலுக்குப் பிறகு அது இன்னும் கூடிப்போனதைப் பார்த்தோம். அலை சிறிதாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் அரவமில்லாத கரை, உயிர்காப்பாளர் யாரும் இல்லை. எங்கே இறங்கலாம் என்று மீனவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரை மணலில் இறக்கவும் வேண்டாம். ஒருமுறை என் கார் அச்சு வரை புதைந்து, வலை இழுத்துக் களைத்துப் போயிருந்த எட்டுப் பேர் வந்து தூக்கிவிட்டார்கள். ஒருவரும் காசு வாங்கவில்லை. அன்று அவர்களுடைய மத்தியானத் தூக்கம் என்னால் கெட்டது.

மத்தியானம் என்றதும் திண்ணைக்கு வருகிறேன். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை எங்கும் போகாதீர்கள். இந்தத் தோப்பைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது இந்த வட்டாரத்தில் தென்னையும் மாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டில் தாத்தா வைத்த மரங்களில் நிமிர்ந்து நின்றவற்றைக் கைவிரலில் எண்ணிவிட்டோம். ஓடு ஒன்று மிச்சமில்லை. பல நாள் மின்சாரம் கிடையாது. நீங்கள் பார்க்கும் குட்டையான, காய்த்து நிற்கும் தென்னைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வைத்தவை. ஒரே தோப்பில் அறுபதடி மரம் இரண்டும் பன்னிரண்டடி மரம் இருபதும் நிற்கிறதே என்று பிள்ளைகள் கேட்டால் அதுதான் கதை. வீட்டுக்காரரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இங்கே யாரிடமும் அதற்கு ஒரு கதை இருக்கும், சொல்வதற்கு ஆள் வந்தால் சொல்லுவார்கள்.

மற்றபடி மத்தியானத்தில் செய்ய வேண்டியவை எல்லாம் சின்னச் சின்னவை. இளநீர் வெட்டக் கற்றுக்கொள்வது. தென்னங்கீற்று முடைவது, அந்த அக்காவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். கிணற்றடியில் வாளியால் இறைத்துக் குளிப்பது. ஓலையில் காற்றாடி செய்து தோப்பு முழுவதும் ஓடுவது. பெரிய பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்க வேண்டியதில்லை. தோப்புக்குள் சமிக்ஞை அவ்வளவு நன்றாகக் கிடைப்பதில்லை.

மூன்றாவது நாள் மட்டும் காரை நீண்ட தூரத்துக்கு எடுங்கள், முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு. மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஜாம்பவானோடை பக்கம் படகில் ஏறி, கோரையாற்றின் வழியாகக் கழிமுகக் காயலுக்குப் போக வேண்டும். வனத்துறை அனுமதி தேவை என்பதால் முதல் நாளே விசாரித்துப் பதிவு செய்துவிடுங்கள். ஆற்றின் இருபுறமும் கண்டல் மரங்கள் நெருக்கமாக நின்று, சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. இலையின் பின்புறத்தைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், மரம் தனக்கு வேண்டாத உப்பை அங்கே வெளியேற்றுகிறது. முந்தைய நாள் உப்பளம் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். காயலுக்குள் படகு நுழைந்ததும் ஆறு காணாமல் போய் நான்கு பக்கமும் நீர் விரியும். அப்போது இயந்திரத்தை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிப் படகோட்டியிடம் கேளுங்கள். அப்பா அம்மாவுக்குப் படகில் ஏறி இறங்குவது சிரமம் என்றால் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், வருத்தப்பட மாட்டார்கள்.

இரவைப் பற்றி இரண்டு விஷயம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். நள்ளிரவுக்கு மேல் வந்து, மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நரியும் நாயும் தோண்டிவிடாமல் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, கோடியக்கரையில் வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். குஞ்சு வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே குஞ்சுகளைக் கடலில் விடுவதை நீங்கள் பார்க்க முடியாது. அதற்கு மார்ச், ஏப்ரலில் வர வேண்டும். பொரிப்பகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தனியாக டார்ச் அடித்துக்கொண்டு ஆமை தேடிக் கரையில் அலைய வேண்டாம். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இன்னொன்று, வீட்டு முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பாயை விரிப்பது. தை மாத வானம் இங்கே துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பழைய வானொலிப் பெட்டி ஒன்று கிடைத்தால் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள், இலங்கை நிலையங்கள் பக்கத்து ஊர் போலக் கேட்கும். எங்கள் வீட்டில் தாத்தா நேரம் சரிபார்த்தது இலங்கை வானொலியின் மணியோசையைக் கேட்டுத்தான். போர்வை எடுத்து வாருங்கள், வாடைக்காற்று விடியலில் குளிரும். தோப்புக்குள் நடக்கும்போது டார்ச் கையில் இருக்கட்டும், பாம்பு உண்டு. கிணற்று நீர் சற்று உவர்க்கும் என்பதால் குடிநீருக்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தேங்காய் விழும் மரத்தடியில் பாய் விரிக்க வேண்டாம்.

நான்காவது நாளுக்கு நான் எதையும் சொல்லப்போவதில்லை. எதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டு அங்கே போங்கள். திரும்பும்போது காரை ஒருவர் ஓட்டிக்கொண்டு வரட்டும். மற்றவர்கள் அகஸ்தியம்பள்ளியில் ரயில் ஏறித் திருத்துறைப்பூண்டி வரை வரலாம். 37 கிலோமீட்டர், பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திரும்பி வந்த தடம் அது. ஒரு காலத்தில் கோடியக்கரை வரையே ரயில் போனது. கிளம்பும் நேரத்தை முந்தைய நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பும், கடைமடை வயலில் அறுத்துப் போட்ட தாளும் ஜன்னலில் மெதுவாக நகரும். வண்டி ஏறுவதற்கு முன் சாலையோரத்தில் கல்லுப்பு ஒரு பை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காயாத உப்பு என்றால் பை கசியும், அடியில் ஒரு தட்டு வேண்டும்.